கை கொடுக்காத மாஸ்டர்

செம்பாக்கத்தில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் ஒரு ஜிம் இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. நான் முதல் நாள் போனபோது அங்கே ஒருவன் பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை தூக்கிக்கொண்டிருந்தான். ஐந்தாவது தடவை கம்பி மேலே போகாமல் அவன் நெஞ்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. முகம் சிவந்து, "மாஸ்டர்... மாஸ்டர்..." என்று முனகினான். மாஸ்டர் அவன் தலைமாட்டிலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, மாஸ்டர் மாஸ்டர்னுகினு கீற? நானா தூக்கியாந்து உன் மேல வெச்சேன்? வெச்சவன் நீதான? எடு."

அவன் எடுத்தான். எப்படி எடுத்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். உயிர் பயம் வந்தால் மனிதனுக்கு எங்கிருந்தோ பலம் வருகிறது. மாஸ்டர் கடைசி மடக்கை உறிஞ்சிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். அந்த ஜிம்மில் யாருக்கும் கை கொடுக்கும் வழக்கமே கிடையாது.

இப்படிப்பட்ட ஆளிடம்தான், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாத என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள் என் மனைவி ஸ்டெல்லா. மாஸ்டர் சக்கர நாற்காலியில் இருந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். 'பாவம்' என்று சொல்லப்போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அடிபட்டதிலிருந்து ஆறு மாதத்தில் எனக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.

"இன்னா சார், தொப்பை இப்டி கீது?" என்றார்.

நான் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன். எடை மெஷின் மேல் நிற்கிறவன் தன் பெல்ட்டைத் தானே பிடித்து மேலே இழுத்தால் எடை குறையுமா என்று வருஷா வருஷம் வகுப்பில் கேட்டு, "குறையும் சார்" என்று சொல்கிற பிள்ளையைக் கிண்டல் பண்ணுகிறவன். அப்பேர்ப்பட்ட அறிவாளி, ஒரு மார்ச் மாதக் காலையில், லாரித் தண்ணீர் மேல்தொட்டியில் ஏறிவிட்டதா என்று பார்க்க ரப்பர் செருப்போடு இரும்பு ஏணியில் ஏறினேன். ஏணி ஈரம். ஈர்ப்பு விசை தன் வேலையைப் பார்த்துவிட்டது. முதுகெலும்பு உடைந்து, அதற்குள் இருக்கும் தண்டுவடம் நசுங்கியது. கைக்கும் நெஞ்சுக்கும் ஒன்றுமில்லை. கால் இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தீனி ஆரம்பித்தது. சபையிலிருந்து வந்தவர்கள் கேக் கொண்டுவந்தார்கள். காலனிக்காரர்கள் கேசரி, பாதுஷா, நெய் வழியும் பொங்கல் என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தார்கள். "உடம்பு தேறணும் பிரதர்" என்று சொல்லி, நான் வாயில் போடுகிறவரை நகரமாட்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். வேறு என்ன வேலை இருந்தது எனக்கு? நடக்கிற மனிதனுக்குத் தின்ற சோற்றில் பெரும்பங்கை எரிப்பது தொடையும் காலும். எனக்கு அந்த அடுப்பு அணைந்துவிட்டது, விறகு மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு வந்துகொண்டிருந்தது. அறுபத்தெட்டு கிலோ இருந்தவன் எண்பத்தாறு கிலோ ஆனேன். அதுவரை வராத சர்க்கரையும் வந்து எட்டிப் பார்த்தது.

அந்த எண்பத்தாறு கிலோவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கி வைத்தவள் ஸ்டெல்லா. ஆகஸ்டில் அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அவள் பெல்ட் கட்டிக்கொண்டு என்னைத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்து ஒரு சத்தத்தை உள்ளேயே விழுங்குவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் செத்துத் தொலைந்தால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

நாகர்கோவிலிலிருந்து என் அண்ணன் வந்து பார்த்தான்.

"லேய், ஊருக்கு வந்துரு. தூக்கி வைக்கதுக்கு வீட்டுல ரெண்டு ஆம்பளைய இருக்கோம். ஸ்டெல்லா இங்க வேலையப் பாக்கட்டும். ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீயா எறங்கி நாற்காலியில உக்காரல்லன்னா வேன எடுத்துட்டு வந்துருவேன், பாத்துக்க."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவளுடைய இடுப்பு பிழைக்க வேண்டுமே. ஆனால் ஸ்டெல்லாவைத் தனியாக விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் மூட்டையாகப் போய்க் கிடக்க எனக்கு மனசு வரவில்லை. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இரண்டடிதான். நடுவில் ஒரு பலகையைப் போட்டு, கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி நகர வேண்டும். எண்பத்தாறு கிலோவைத் தூக்குகிற கை என்னிடம் இல்லை. ஈஸ்டருக்கு ஏழு மாதம் இருந்தது.

இவ்வளவையும் ஸ்டெல்லா சொல்ல, மாஸ்டர் காது குடைந்துகொண்டே கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"சோறு எவ்ளோ போடற சிஸ்டர்?"

"மத்தியானம் நாலு கரண்டி. ராத்திரியும் அப்படித்தான். உடம்பு தேறணும்ல?"

"காலு வேலைக்குப் போவுதா?"

"இல்ல."

"அது லீவுல கீது. லீவுல கீறவனுக்கு இன்னாத்துக்கு சாப்பாடு போடற? கையி மட்டும்தான் வேலைக்குப் போவுது. கைப்பிடி சோறு போடு. முட்டை போடு, மீன் போடு, சுண்டல் போடு, கீரைய அள்ளிப் போடு. சோத்தப் பாத்தா மட்டும் கண்ண மூடிக்கோ."

திரும்பி வரும்போது ஸ்டெல்லா வழி நெடுக அழுதாள். "என்ன மனுஷன்! கால் லீவுல இருக்காம். வாயைப் பாரு," என்று மூக்கைச் சிந்தினாள். அழுது முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று ராத்திரி என் தட்டில் கோழிக்குஞ்சுக்கு வைத்த மாதிரி ஒரு பிடி சோறு இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளைக் கடித்துத் தின்றிருப்பேன்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டுமே. அறுபது வயது இருக்கும். மீசைக்கு மை, தோளில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. எந்தக் காலத்திலோ ஆணழகன் போட்டியில் பட்டம் வாங்கிய போட்டோ ஒன்று சுவரில் தொங்கும். அதற்குக் கீழே நிற்கிறவர் அதே ஆள்தான் என்று யாராவது சத்தியம் பண்ணினால்தான் நம்ப முடியும், அவ்வளவு பெரிய தொந்தி. கை மட்டும் போட்டோவில் இருந்தபடியே இருந்தது. முழங்கைக்குக் கீழே என் பழைய தொடை கனம்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவர் என் நாற்காலியை ஒரு தடவைகூடத் தள்ளியதில்லை. ஜிம் வாசலில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. முதல் வாரம் நான் அதில் பாதி ஏறிப் பின்னால் சரிவேன். அவர் மேலே நின்றபடி, "வா, வா, மத்தியானத்துக்குள்ள வந்துடுவ," என்பார். யாராவது தள்ளிவிட வந்தால் அவ்வளவுதான்.

"கைய எடுடா! அவரு இன்னா காய்கறி வண்டியா?"

எனக்காக அவர் ஒரு மெஷின் செய்தார். மூன்று கடை தள்ளி ஒரு காயலான் கடை இருந்தது. அங்கிருந்து பழைய சைக்கிள் பெடலைக் கொண்டுவந்து மேஜை மேல் வெல்டிங் வைத்தார். கையால் அதைச் சுற்ற வேண்டும். கால் செய்யாத வேலையைக் கை செய்து தீர்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தோள்பட்டை தேய்ந்துவிடும் என்று பிசியோதெரபி அம்மா எச்சரித்திருந்ததால், முன்பக்கம் பத்து நிமிஷம் சுற்றினால் அப்புறம் ரப்பர் பட்டையைப் பின்பக்கம் இழுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே எனக்கு வியர்க்காது, அதனால் உடம்பு சூடேறித் தலை சுற்றும். அதற்கு சலூன்காரர்கள் முடிக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்தப் பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருந்தார். முகத்தில் பீச்சி அடிப்பார். கண்ணாடி போட்டிருக்கிறேனே என்றெல்லாம் பார்க்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் புட்டத்தில் புண் வரும், வலியும் தெரியாது. அதனால் கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். இதை டாக்டர் என் காதில் மெல்லச் சொன்னார். மாஸ்டர் விசில் ஊதிச் சொன்னார்.

"வாத்யாரே, குண்டியத் தூக்கு!"

ஒட்டுமொத்த ஜிம்மும் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் என் பள்ளிக்கூட கரஸ்பாண்டன்ட் என்னைப் பார்க்க அங்கே வந்திருந்தார். அப்போதும் ஊதினார். "காலைல வெளிய போனியா சார்? கீரை துன்னியா?" என்பதும் அதே சத்தத்தில்தான். என் குடலின் தினசரி நிலவரம் அந்தப் பஞ்சர் கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

ஒரு தடவை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். மாஸ்டர் கோயிலுக்குப் போகிற ஆள், நெற்றியில் பெரிய குங்குமம். ஆனாலும் கேசரி வரும் என்று மோப்பம் பிடித்து வந்துவிட்டார். கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்தார், ஆமென் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். தட்டு வந்ததும் என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். "பிரதருக்கு உடம்பு தேறணும்ங்க," என்றார் கேசரி கொண்டுவந்த அம்மா.

"அவரு உடம்பு நல்லா தேறிக்கீது மா. இதுக்கு மேல தேறிச்சுன்னா கதவ இடிக்கணும்," என்று சொல்லி என் பங்கு, ஸ்டெல்லா பங்கு, இன்னும் வராதவர்கள் பங்கு எல்லாவற்றையும் தின்று தீர்த்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு இனிப்பு வரத்து பாதியாகக் குறைந்தது.

எடை பார்ப்பதுதான் பெரிய பேஜார். நிற்க முடியாதவன் எந்த மெஷினில் ஏறுவான்? மாஸ்டர் என்னைக் காயலான் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே பழைய இரும்பு நிறுக்கிற தராசு தரையோடு தரையாக இருக்கும், எதிரே சிவப்பு விளக்கில் நம்பர் எரியும். கடைக்காரர் பாய் எனக்கு வழிவிட்டு ஒரு துருப்பிடித்த கிரில் கேட்டை ஒதுக்கி வைத்தார். நாற்காலியோடு ஏறினேன். நூற்றைந்து. நாற்காலி பத்தொன்பது கிலோ என்று அதிலேயே ஒட்டியிருந்தது. மிச்சம் நான். பாய் பழக்கத்தில் துண்டுச்சீட்டில் 'இரும்பு' என்று எழுதி நீட்டினார்.

ஒரு மாதம் நாய்ப்பாடு பட்டேன். இரண்டாவது தடவை எடை பார்க்கப் போகிறபோது மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்: "இன்னைக்குக் குறையலன்னா அண்ணனுக்கு நானே போன் பண்ணிடறேன் மாஸ்டர். ஈஸ்டர் வரைக்கும் அவளை வதைக்க வேண்டாம்." சும்மா சொல்லவில்லை, முந்தின ராத்திரியே முடிவு பண்ணியிருந்தேன். அவர் முன்னால் நடந்தார்.

தராசில் ஏறினேன். நம்பர் நூற்றேழுக்கும் நூற்று மூன்றுக்கும் நடுவில் கூத்தாடியது.

"நம்பர் ஆடுது வாத்யாரே. இரு, வண்டிய புடிச்சிக்கிறேன், ஆடாம இரு," என்று பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தார். நம்பர் நூற்று மூன்றில் நின்றது. இரண்டு கிலோ குறைவு! பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அண்ணனுக்கு நான் போன் பண்ணவில்லை.

அதிலிருந்து மாதா மாதம் இப்படித்தான். என் நாற்காலியில் அவர் கை படுகிற ஒரே இடம் அந்தத் தராசு, அதுவும் நம்பர் ஆடாமல் இருப்பதற்கு. நவம்பரில் நூற்றொன்று. டிசம்பரில் நூறு. ஸ்டெல்லா அந்தத் துண்டுச்சீட்டுகளை ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டினாள். எல்லாவற்றிலும் 'இரும்பு' என்றே இருந்தது, எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஆனால் நவம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. எடை குறைகிறது, சர்க்கரை ஏன் குறையவில்லை என்று டாக்டரைக் கேட்டேன். "காலில் தசை கரையுது சார். எடை அதனாலயும் குறையும், கொழுப்பு அப்படியே இருக்கும். எடையை மட்டும் நம்பாதீங்க. இடுப்பை டேப்பால அளங்க," என்றார். அளந்தேன். ஜிம்மில் சேரும்போது பிசியோதெரபி அம்மா குறித்து வைத்த அளவிலிருந்து ஒரு இஞ்சுகூடக் குறையவில்லை. மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"டேப்பு பழசு. இழுத்துப் போயிருக்கும்."

"டேப்பு இழுத்துப் போச்சுன்னா அளவு குறைச்சலால்ல காட்டும்?"

"ரொம்ப படிச்சவன் நீ," என்று எரிந்து விழுந்தார். மறுநாளிலிருந்து பெடலில் இருபது நிமிஷம் கூடியது. சாயங்கால டீக்குச் சர்க்கரையும் போயிற்று, பிஸ்கட்டும் போயிற்று. அந்த ஒரு மாதம் என்னைக் கொன்று எடுத்துவிட்டார். ஏன் இந்த வெறி என்று எனக்கு விளங்கவில்லை.

டிசம்பரில் ஒருநாள், நாற்காலியிலிருந்து பெஞ்சுக்குப் பலகை போட்டு மாறிப் பழகும்போது கை வழுக்கிக் கீழே விழுந்தேன். நாலைந்து பேர் ஓடிவந்தார்கள்.

"எவன்னா கை வெச்சீங்க, நாளைலேர்ந்து உள்ள வுடமாட்டேன்!" என்று கத்தினார் மாஸ்டர். எனக்கு எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார்.

"தூக்கிவிடுங்க மாஸ்டர்."

"வூட்ல வுழுந்தா சிஸ்டர் வந்து தூக்குமா? அது இடுப்பு இன்னா ஆவறது?"

தரையில் கிடந்தபடி அவரையும் அவர் வம்சத்தையும் திட்டினேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்துபோய் ரப்பர் விரிப்புகளைக் கொண்டுவந்து அடுக்கினார். முதலில் இரண்டு விரிப்பு உயரம். அதில் ஏறினேன். பிறகு நாலு, பிறகு எட்டு. ஒவ்வொரு படியாக, கையை ஊன்றி, உடம்பை இழுத்து, முக்கால் மணி நேரத்தில் பெஞ்சுக்கு வந்துவிட்டேன். ஜிம்மில் எல்லாரும் கை தட்டினார்கள். மாஸ்டர் தட்டவில்லை.

"பேப்பர் ரெண்டு தபா படிச்சிட்டேன்," என்றார்.

ஜனவரியில், பொங்கல் வாரத்தில், தொண்ணூற்றெட்டு. பிப்ரவரியிலும் அதே தொண்ணூற்றெட்டு. ஒரு கிலோகூடக் குறையாத மாதம் அது ஒன்றுதான். மாஸ்டர் டீக்கிளாஸோடு ஓரமாக நின்று நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் திட்டவே இல்லை. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கடைத் தூசி என்றார். எனக்கு ஒரு டீ, பாய்க்கு ஒரு டீ, துருப்பிடித்த சைக்கிளை விற்க வந்த யாரோ ஒருவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு வந்தது சர்க்கரை போட்ட டீ. ஆளுக்குத் தலையில் எங்கேயோ அடிபட்டுவிட்டது போல என்று வீட்டில் வந்து சொன்னேன்.

மார்ச்சில் தொண்ணூற்றாறு. அந்தப் பரிசோதனையில் சர்க்கரையும் இறங்கியது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை, அண்ணன் சொன்னபடி வேனோடு வந்துவிட்டான். மாஸ்டரை வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். "நான் வந்தா நீ என் மூஞ்சியப் பாப்ப. நான் இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்தேன். பலகையைப் போட்டேன். பிரேக் பிடித்திருக்கிறதா என்று நாற்காலியை ஆட்டிப் பார்த்தேன். ஒரு கை நாற்காலியில், ஒரு கை கட்டிலில். தூக்கினேன். பாதி தூரத்தில் பலகை கிறீச்சென்றது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணன் பாய்ந்து வந்தான்.

"கை வைக்காதீங்க அத்தான்!" என்று ஸ்டெல்லா போட்ட சத்தத்தில் அவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு நின்றிருந்தாள், விட்டால் அதுவாக வந்து என்னைத் தூக்கிவிடும் என்கிற பயத்தில்.

தலையை எதிர்ப்பக்கம் சாய்த்தேன், இன்னொரு தடவை தூக்கினேன். உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியில், நானாக. ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். மடியில் அவள் கண்ணீரின் சூடு எனக்குத் தெரியாது, தலையின் கனமும் தெரியாது. ஆனால் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வேன்காரன் காப்பி குடிச்சானா என்னன்னு பாக்கேன்," என்று வெளியே போய்விட்டான்.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். "ஏறிட்டேன் மாஸ்டர்!"

"எறங்கினியா?"

"இன்னும் இல்ல..."

"எறங்கிட்டு போன் பண்ணு," என்று வைத்துவிட்டார்.

அந்த வருஷமே நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். ஸ்டெல்லாவின் பெல்ட் பீரோவுக்குள் போயிற்று. அடுத்த இரண்டு வருஷத்தில் இடத்துக்காரர் ஜிம் கொட்டகையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார். மாஸ்டர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகளோடு போய்விட்டார் என்றார்கள். அவருடைய நம்பரும் மாறிவிட்டது. போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், போகவில்லை. என் சோம்பேறித்தனத்துக்கு முதுகுத்தண்டு காரணம் இல்லை.

போன மாதம் பழைய நாற்காலியைப் போட்டுவிடலாம் என்று பாய் கடைக்குக் கொண்டுபோனேன். இப்போது என்னிடம் பதினொரு கிலோவில் லேசான புது நாற்காலி இருக்கிறது. பாய் பழையதை மடித்துத் தராசில் வைத்தார்.

"இத்தப் பாத்தா மாஸ்டர் ஞாபகம்தான் சார் வருது. எத்தினி தபா தூக்கிகினு நின்னாரு!"

"தூக்கினாரா? அவர் இதைத் தள்ளினதுகூட இல்ல பாய். நம்பர் ஆடாம இருக்கத்தான் பிடிச்சுக்குவார்."

பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உனக்கு இன்னுமா தெரியாது? சயின்ஸ் வாத்தியாருன்னாரே! ரெண்டாவது மாசம் நீ ஏறினப்போ நூத்தியேழு சார். ஏறிக்கினுதான் இருந்த. அவரு உன் மூஞ்சியப் பாத்தாரு, தராசுக்கு வெளிய பின்னால வந்து நின்னு கைப்பிடிய அப்டியே மேல தூக்கிப் புடிச்சாரு. சக்கரம் தராசுலயேதான் இருக்கும், நம்பர் மட்டும் எறங்கும். இன்னாத்துக்கு மாஸ்டர் பொய் காட்றன்னு அப்பால கேட்டேன். 'இன்னிக்கு இவன் மூஞ்சி தொங்கிச்சுன்னா நாளைக்கு வரமாட்டான் பாய், ஊருக்கு இட்டுனு பூடுவாங்க'ன்னாரு."

"எத்தனை மாசம்?"

"பொங்கல் வரைக்கும். மாசா மாசம் போன தடவைய விட கம்மியாக் காட்டணுமே, மனுஷனுக்கு கையி நடுங்கும். அப்பால ஒருநாள் கைய எடுத்துட்டாரு. நம்பர் போன மாசம் காட்டின எடத்துலயே நின்னுச்சு. அன்னிக்குத்தான் எல்லாருக்கும் டீ."

திருட்டுப் பயல்! முதலில் வாயில் வந்தது அதுதான். டாக்டரை முட்டாளாக்கி, டேப்பைக் குற்றம் சொல்லி, ஃபிரிட்ஜ் கதவில் பொய்யை ஒட்டவைத்து, உடம்பு விஷயத்தில் இப்படி விளையாடலாமா? எனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? பாயின் முன்னால் நன்றாகவே திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த பிப்ரவரித் தொண்ணூற்றெட்டு ஞாபகம் வந்தது, கடைத் தூசி என்று அவர் கண்ணைத் துடைத்தது ஞாபகம் வந்தது. யாருக்கும் கை கொடுக்காத ஆள் நாலு மாதம் எனக்குப் பின்னால் நின்று தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் எதிரே எரிகிற நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாய், என்னை ஒரு தடவை போடுங்க," என்றேன்.

புது நாற்காலியோடு தராசில் ஏறினேன். பாய் தானாகவே பின்னால் வந்தார். "மாஸ்டர் மாதிரி புடிக்கட்டா சார்? எவ்ளோ கொறைக்கணும்?"

"வேணாம் பாய். கைய எடுங்க."

எண்பத்தேழு. நாற்காலி போக எழுபத்தாறு. கிறிஸ்துமஸ் கேக் நாலு கிலோ ஏற்றியிருந்தது. மாஸ்டர் இருந்திருந்தால் தெருவே கேட்கத் திட்டியிருப்பார். கால் மணி நேரம் ஆகியிருந்ததோ என்னவோ, காதுக்குள் விசில் கேட்டது. இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினேன், எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரம். நம்பர் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. தன்னைத் தானே தூக்கிக்கொண்டால் குறையாது. தராசுக்கு வெளியே நிற்கிற ஒருவன் கை கொடுத்தால்தான் குறையும். இந்தப் பாடத்தைத்தான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன், மடையன்.